ஷின்னில் பாட்டில் உருட்டினால் கால் இறுகுமா, கெடுமா?

வலதுகால்:
முவே தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை, காலாலும் உதைப்பது) பழக ஆரம்பித்திருக்கிறேன். நான் உதைக்கும்போது எதிராளி காலைத் தூக்கி செக் பண்ணினால், அதாவது தடுத்தால், எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது. கூடப் பழகும் ஒருவர், தினமும் ராத்திரி கண்ணாடி பாட்டிலை ஷின் (முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு) மேல் அழுத்தி உருட்டு, அப்புறம் கட்டையால் தட்டு, சீக்கிரம் மரத்துப்போகும் என்கிறார். செய்யலாமா?

பழைய கச்சை:
தாராளமாகச் செய் தம்பி. நாங்கள் எல்லாம் அப்படித்தான் வந்தோம். முதலில் உருட்டல், பிறகு லேசான தட்டல், கடைசியாக எண்ணெய் போட்டுத் தேய்ப்பு. இப்போது வருகிறவர்கள் ஷின் கார்டு என்ற கவசத்தைக் கட்டிக்கொண்டே பழகுகிறார்கள். போட்டியில் அதைக் கழற்றியதும் முதல் செக்கிலேயே நொண்டுகிறார்கள்.

பிசியோ பார்வை:
தயவுசெய்து உருட்டாதீர்கள். ஷின் எலும்பின் உள்பக்கத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசையே கிடையாது. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் நரம்புகள் நிறைய. பாட்டில் நசுக்குவது அந்தச் சவ்வைத்தான். எலும்புக்கு அது ஒரு சுமையே இல்லை. வேகமாக ஏறி இறங்கும் சுமையில் எலும்பு மிக நுணுக்கமாக வளைகிறது. அந்த வளைவுதான் அதைத் தடிக்க வைக்கிறது. சுமைக்கு ஏற்றபடி எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-லேயே எழுதிவிட்டார். டென்னிஸ் வீரர்களுக்கு ராக்கெட் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கிறது. அவர்கள் யாரும் கையில் பாட்டில் உருட்டியதில்லை.

பழைய கச்சை:
டென்னிஸ் பந்து திருப்பி உதைக்காது ஐயா. தாய்லாந்தில் வாழைமரத்தை உதைத்தே வளர்ந்தவர்களிடம் போய் வோல்ஃப் கதை சொல்லுங்கள்.

மூன்றாவது ரவுண்டு:
அண்ணே, வாழைமரம் உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லாது. அது முழுக்கத் தண்ணீரும் மட்டையும்தான், உதைத்தால் அமுங்கிக் கொடுக்கும். ஹெவி பேக்கும், அதாவது உதைத்துப் பழகத் தொங்கவிடும் மூட்டையும், அதே வேலையைத்தான் செய்கிறது. தாய்லாந்தில் பேக்கிலும், பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடிலும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிக் போடுகிறார்கள், வருடக்கணக்காக. கண்டிஷனிங் (காலை இறுக வைப்பது) என்று தனியாக ஒன்று அதற்கு மேல் தேவையில்லை.

வலதுகால், ஒரு விஷயம் மட்டும் கவனி. பழைய பேக்கில் உள்ளே அடைத்த துணி கீழே இறங்கி அடிப்பகுதி கல்லாகிவிடும். லோ கிக் (தாழ்வான உதை) பழகுகிறேன் என்று முதல் வாரமே அங்கே உதைக்காதே. நடுவில், மெத்தென்ற இடத்தில், பாதி வேகத்தில் ஆரம்பி.

பழைய கச்சை:
சரி, நானும் அதைத்தான் கேட்கிறேன். பேக் மெத்து. செக் பண்ணுகிறவனின் முழங்கால் மெத்து இல்லை. மெத்தில் பழகியவன் கல்லில் மோதினால் என்ன ஆகும்? ஆண்டர்சன் சில்வாவுக்கு ஆனதுதான்.

பிசியோ பார்வை:
2013 டிசம்பர், யூஎஃப்சி 168 என்ற கலப்புச் சண்டைப் போட்டி. கிறிஸ் வைட்மேன் செக் பண்ணினார், சில்வாவின் இடது கால் முறிந்தது. சில்வாவின் கால் பழகாத காலா? 2021 ஏப்ரலில் அதே வைட்மேன், யூரையா ஹாலுக்கு எதிராகப் போட்ட முதல் கிக்கிலேயே அதேபோல் காலை முறித்துக்கொண்டார். ஷின்னின் கீழ்ப்பகுதி மெலிந்தது, முழங்காலை ஒட்டி இருக்கும் மேல்பகுதி தடித்தது. முழு வேகத்தில் மெலிந்தது தடித்ததில் மோதினால் எத்தனை வருடப் பழக்கமும் காப்பாற்றாது. எங்கே படுகிறது என்பதுதான் கேள்வி. முதலில் கையால் போக்குக் காட்டி, எதிராளியின் எடை முன்காலில் இறங்கியதும் உதைத்தால் அவரால் காலைத் தூக்க முடியாது.

பழைய கச்சை:
வலியை விட்டுவிட்டீர்களே. தொட்டாலே துள்ளுகிறவனுக்குப் போக்குக் காட்டவெல்லாம் எங்கே நேரம்?

பிசியோ பார்வை:
நியாயம். பழகப் பழக மூளை அந்த வலியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது, மறுக்கவில்லை. ஆனால் வலியை முழுக்க மரக்கடித்துவிட்டால் மயிரிழை விரிசலை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? எலும்பு புதுப்பிக்கும்போது பழையதை முதலில் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். நடுவில் சில வாரம் அந்த இடம் முன்பைவிட பலவீனம். ஆர்வக்கோளாறில் ஆட்கள் அடியைக் கூட்டுவதும் சரியாக அப்போதுதான்.

விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீர் என்கிறது, ஓடும்போது கூடுகிறது, ராத்திரியும் வலிக்கிறது என்றால் உதைப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். அப்புறம், வளர்கிற பிள்ளைகளின் எலும்பு முனையில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அவர்கள் காலைக் கட்டையால் தட்டுகிற மாஸ்டர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

வலதுகால்:
அப்போது பாட்டில் வேண்டாம். பேக்கில் ஷின் கார்டோடு ஆரம்பிக்கலாமா?

மூன்றாவது ரவுண்டு:
தோல் உரிகிறது என்றால் ஆரம்பத்தில் கட்டிக்கொள், பிறகு பேக்கில் வெறும் காலுக்கு மாறிவிடு. ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) மட்டும் எப்போதும் கழற்றாதே. தொடர்ந்து இரண்டு நாள் பலமாக உதைக்காதே.

பழைய கச்சை:
பாட்டிலை விடுகிறாய், விடு. ஆனால் தெரிந்த கூட்டாளியோடு கார்டு இல்லாமல் ஷின்னும் ஷின்னும் மெதுவாகத் தட்டிப் பழகு. அதுவும் இல்லாமல் ரிங் ஏறினால் பிறகு என்னிடம் வராதே.

பிசியோ பார்வை:
மெதுவாக என்றால் எனக்கும் சம்மதம். நீலம் கன்றியிருக்கும் நாளில் மட்டும் வேண்டாம்.

பழைய கச்சை:
நீலம் இல்லாத ஷின்னை நான் எங்கள் கூடத்தில் பார்த்ததே இல்லையே ஐயா.