விபத்துக்குப் பின் மகளின் மனம் தேற வழி கேட்டு

அனைவருக்கும் வணக்கம். சாலை விபத்தில் கை முறிந்த எங்கள் ஏழு வயது மகளுக்கு எலும்பு நன்றாகக் கூடி, மாவுக்கட்டையும் பிரித்துவிட்டார்கள். ஆனால் மனம் இன்னும் தேறவில்லை என்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

ஹாரன் சத்தம் கேட்டாலே தோளைக் குறுக்கிக்கொண்டு என் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள். பொம்மைக் கார்களை எடுத்தால், அவற்றை ஒன்றோடொன்று மோதவிடுவதையே திரும்பத் திரும்பச் செய்கிறாள். அந்த விளையாட்டில் சிரிப்பே இல்லை.

இத்தகைய அறிகுறிகள் முதல் சில வாரங்களில் பல குழந்தைகளிடம் தோன்றித் தாமாகவே தணிந்துவிடும் என்றும், ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறா என்று மனநல மருத்துவர் ஆராய வேண்டும் என்றும் அறிகிறேன். அந்த ஒரு மாதம் கடந்துவிட்டது. சின்னக் காயம்தானே, மறந்துவிடுவாள் என்று உறவினர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காயத்தின் அளவைவிட, அந்த நொடியில் குழந்தை எவ்வளவு அஞ்சியது என்பதே முக்கியம்.

அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், குழந்தை நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லிப் பழகுவதும், பெற்றோர் உடன் பங்கேற்பதும் உண்டு. இதைத் தம் பிள்ளைகளுக்கு மேற்கொண்டவர்கள், குழந்தை பேச மறுத்த நாட்களை எப்படிக் கையாண்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அதே வண்டியில் இருந்த என் கணவரும் தூக்கமின்றித் தவிக்கிறார். பெற்றோரின் பதற்றம் பிள்ளையின் தேறுதலையும் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், இருவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற்ற குடும்பங்களின் அனுபவத்தைக் குறிப்பாக எதிர்பார்க்கிறேன். பள்ளி ஆசிரியரிடம் எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.