மறு: பிரான்சைஸ் படிப்புக்கு ‘முகவர் படிப்பு’ சரிவருமா?

> வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பை உள்ளூர்க் கல்லூரி நடத்தும் பிரான்சைஸ் முறைக்குத் தமிழில் ‘முகவர் படிப்பு’ என்று வைக்கலாம். செட்டிநாட்டில் ஏஜெண்டு என்றால் விளக்கவே வேண்டாம்.

அண்ணே, வணக்கம். சொல் கேட்க நன்றாக இருக்கிறது, பொருள்தான் தலைகீழாகிவிடுகிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடை நடத்தப் போன நம் செட்டிநாட்டு ஏஜெண்டுகள் கையில் இருந்தது முதலாளி பணம். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்கும் முதலாளி எழுதிக்கொடுத்த அதிகாரத்தோடு, மூன்று வருடக் கணக்குக்குப் போய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள், கடை நொடித்தால் அடி முதலாளிக்கு. பிரான்சைஸில் அப்படியா? கட்டடம், ஆசிரியர் சம்பளம், பிள்ளை சேர்க்கை எல்லாம் பெரும்பாலும் உள்ளூர்க் கல்லூரி பாடு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தையும் பட்டத்தையும் கொடுத்துவிட்டுக் கட்டணத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும்.

ஏஜெண்டு முறைக்குக் கிட்டத்தில் வருவது, பல்கலைக்கழகமே வெளிநாட்டில் போய்த் திறக்கும் கிளை வளாகம்தான். அதிலும் எல்லாரும் சொந்தக் காசை மட்டும் நம்பிப் போவதில்லை. 1998இல் மலேசியா போன ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம், அங்குள்ள சன்வே நிறுவனக் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் போனது. அதே ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007இல் சிங்கப்பூரில் வளாகம் திறந்து, எதிர்பார்த்த அளவு மாணவர் சேராததால் ஒரே பருவத்தோடு மூடியது. இந்த மாதிரி அடிக்குப் பயப்படுகிற பல்கலைக்கழகம், அல்லது போட முதல் இல்லாதது, பிரான்சைஸ் பக்கம் சாயும். பணம் தப்பும், பெயர்தான் அடுத்தவன் கையில் இருக்கும். சில நாடுகளில் சட்டம் எதை விடுகிறதோ அதைத்தான் எடுக்க முடியும், அது வேறு கதை.

ஆகவே என் பரிந்துரை ‘பெயருரிமைப் படிப்பு’. வேலிடேஷனை இதோடு குழப்ப வேண்டாம். அதில் பாடத்திட்டமே உள்ளூர்க் கல்லூரி எழுதுவது, பல்கலைக்கழகம் தரம் பார்த்து ஏற்றுக்கொண்டு பட்டம் தருகிறது. அதற்கு ‘ஏற்புப் படிப்பு’. முதல் வருடங்கள் இங்கே, மிச்சம் அங்கே என்று படிக்கும் ட்வின்னிங்குக்கு ‘ஈரிடப் படிப்பு’.

---

> ஆகவே என் பரிந்துரை ‘பெயருரிமைப் படிப்பு’.

தம்பி, முகவர் போகட்டும். ஆனால் நீங்களே சொல்கிறபடி பார்த்தால், ஏற்புப் படிப்பிலும் பட்டத்தில் அதே வெளிநாட்டுப் பெயர்தானே வரும்? அப்புறம் ‘பெயருரிமை’ எதைப் பிரித்துக் காட்டுகிறது? இரண்டுக்கும் வித்தியாசம் பாடத்திட்டம் யாருடையது என்பதில்தான். ‘பாடவுரிமைப் படிப்பு’ என்று வைத்துப் பாருங்கள், கல்லூரி எதை இரவல் வாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். ஈரிடப் படிப்பு அருமை, அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.