எல்ஃப் லொறி: சூடானா சார்ஜ் ஏறுதில்லை, ஆராவது சொல்லுங்கோ

அண்ணாமார், எங்கட பழைய எல்ஃப், 24 வோல்ற். மல்லாவியில நெல் ஏத்தி வவுனியாவுக்கு ஓடுறது. காலமை ஸ்ராட் பண்ணினா பற்றறியில மீற்றர் 28.2 காட்டும். மாங்குளம் தாண்டி எஞ்சின் சூடாக 24.6க்கு இறங்கிடும். சார்ஜ் லைற் பத்துறதும் இல்லை, அதுதான் விசர். முந்தநாள் இரவு கனகராயன்குளத்துக்குக் கிட்ட ஹெட்லைற் மஞ்சளாகி, கடைசியில குப்பிவிளக்கு மாதிரிப் போட்டுது. முன்னால நிண்ட மாட்டை நூலிழையிலதான் கண்டன்.

பற்றறி ரெண்டும் புதுசு. பெல்ற் இறுக்கியாச்சு, காபன் பிரஷ் மாத்தியாச்சு. கராஜில கழட்டிப் பாத்திட்டு, பற்றறிக்குச் சார்ஜ் குடுக்கிற ஒல்ரனேற்றர் நல்லாத்தான் இருக்காம். காசு போனதுதான் மிச்சம்.

நேற்று சூட்டோட நானே மீற்றர் பிடிச்சன். ஒல்ரனேற்றரின்ர பி முனையில (கரண்ட் வெளிய வாற முனை) 28, பற்றறி பிளஸ்ஸில 24.6. எர்த் பக்கம் 0.2கூட விழேல்ல. அப்ப பிளஸ் வயரிலதான் எங்கயோ தின்னுது. பி முனையில இருந்து கையால தடவிக்கொண்டு போனன், கபினுக்குக் கீழ ரேப் சுத்தின வயர்க்கட்டுக்குள்ள போய் மறையுது.

இந்தப் பழைய எல்ஃபில பியூசிபிள் லிங் (கரண்ட் கூடினா பியூஸ் மாதிரி உருகிற வயர்த்துண்டு) எந்த இடத்தில இருக்கு? வயர்க்கட்டை வெட்டாமல் தடிச்ச வயர் ஒண்டைப் பியூஸோட நேர பற்றறிக்கு இழுத்தவை ஆரும் இருக்கிறியளோ? எத்தினை அம்பியர் பியூஸ் போட்டனியள்? வெள்ளிக்கிழமை லோட் இருக்கு.