கடைக்கு வரி பாக்கி, கோர்ட்டுக் கடுதாசி வந்திருக்கு. என்ன செய்ய?

கொட்டகலை தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷந்தான் லண்டன் பக்கம் வந்தோம். கடைக்கு வரி பாக்கின்னு கோர்ட்டுக் கடுதாசி வந்திருக்கு, 23,000 பவுணுக்கு மேல. கடைய மூடிருவாங்களா? பேங்குல கெடக்குற காச இப்பவே எடுத்துருவோம்னு மச்சான் சொல்றாரு. ஊர்ல அம்மா இருக்குற வீட்டுக்கு ஏதும் வந்துருமா? தூக்கமே இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஸ்கெலியா அக்கா:
தம்பி, கடை வச்சிருக்கிறவங்க முதல்ல வற் வரிய, அதான் சாமான் விலையோட சேத்து வாங்கிக் கட்டுற வரிய, விளங்கிக்கணும். எந்த மாசக் கடைசியில நின்னு திரும்பிப் பாத்தாலும், கடந்த 12 மாச விற்பனை 90,000 பவுணைத் தாண்டியிருந்தா பதிஞ்சே ஆகணும். வற் பூஜ்ய வீதமா உள்ள சாமானும் அந்தக் கணக்குல சேரும். அரிசி, பருப்பு, கோதுமை மா, தேயிலைத் தூள் பூஜ்யம். சொக்லட் பூசின பிஸ்கட், சிப்ஸ், ஜிஞ்சர் பியர் 20 வீதம். கஜுவுலதான் (முந்திரிப் பருப்பு) நிறையப் பேர் மாட்டுறது: பச்சைக் கஜு பூஜ்யம், அதையே வறுத்து உப்புப் போட்டு பைக்கெட்டுல அடைச்சா 20. டில் மெஷின்ல எல்லாத்தையும் ஒரே பட்டன்ல அடிச்சுக்கிட்டிருந்தா பின்னால எது எதுன்னு பிரிக்கவே ஏலாது.

பண்டாரவளைக்காரன்:
அக்கா, கோர்ட்டுக் கடுதாசியோட நிக்கிறவருக்குக் கஜுப் பாடம் எதுக்கு? தம்பி, நீங்க சொல்லாம விட்டதுதான் முக்கியம். லிமிட்டட் கம்பனியா, தனி ஆள் பேர்ல உள்ள வியாபாரமா? டிரெக்டர் யாரு? வந்தது எந்தக் கடுதாசி? கோர்ட்டுக்குப் போவோம்னு வெறும் எச்சரிக்கையா இருக்கலாம். 750 பவுணுக்கு மேற்பட்ட கடனுக்கு 21 நாள் தவணை கொடுக்கிற டிமாண்டா இருக்கலாம். இல்லாட்டிக் கம்பனியைக் கலைக்கச் சொல்ற மனுவாவே இருக்கலாம். மனுன்னா கோர்ட் முத்திரை, வழக்கு நம்பர், விசாரணைத் தேதி, நேரம் இருக்கும்.

அது தெரியுற வரைக்கும் பேங்க் காசுல கை வைக்காதீங்க. கம்பனி கலைக்கப்பட்டா, மனு தாக்கலான நாளுக்கப்புறம் கம்பனிச் சொத்து வெளிய போனதெல்லாம் கோர்ட் அனுமதி இல்லாட்டிச் செல்லாது. 1986ஆம் வருஷ இன்சொல்வன்சி சட்டம் (கடன் கட்ட ஏலாமப் போறதுக்கான சட்டம்), 127ஆம் பிரிவு. பின்னால கம்பனிச் சொத்தைச் சேத்துக் கடன் தீர்க்க வர்ற லிக்விடேட்டர் மச்சான்கிட்டயே திருப்பிக் கேப்பாரு.

நானுஓயா நண்பன்:
எதுக்கு இவ்வளவு பயம்? டிஎஸ்01 படிவத்தை நிரப்பிக் கம்பனிப் பேரைப் பதிவுலருந்து நீக்கிட்டு, அதே எடத்துல அதே பேர்ல புதுக் கம்பனி திறங்க. எத்தனையோ பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க.

பண்டாரவளைக்காரன்:
இதைக் கேட்டு யாரும் செஞ்சுறாதீங்க. கலைப்பு மனு நிலுவையில இருந்தா அந்தப் படிவம் போட சட்டமே விடாது. மனு இல்லாட்டியும் 7 நாளுக்குள்ள கடன்காரங்க எல்லாருக்கும் நகல் அனுப்பணும், வரி ஒபிஸ் ஆட்சேபிச்சா அதோட நிக்கும். கடன் கட்ட ஏலாமக் கம்பனி கலைக்கப்பட்ட பிறகு அதே பேரையோ ஒத்த பேரையோ பழைய டிரெக்டர் 5 வருஷத்துக்குள்ள பாவிச்சா கிரிமினல் குற்றம், புதுக் கம்பனிக் கடனும் அவர் தலையில விடியும். விதிவிலக்கு சிலது இருக்கு, ஆனா லொயர் இல்லாம அந்தப் பக்கம் போகக்கூடாது.

ராகலை ராசா:
வந்த புதுசுல வாடகை முன்பணம், ஹீட்டர் பில்லு, கவுன்சில் வரின்னே முழி பிதுங்குது, இதுல கடை வேற. எக்கவுண்டன்மாரைச் சொல்லணும். மாசாமாசம் பீஸ் வாங்குறாங்க, கம்பனியோட பதிவு முகவரியும் அவங்க ஒபிஸுதான். வர்ற கடுதாசி மேசை லாச்சிக்குள்ள தூங்கும். பேசாம ஊர்லயே கடை போட்டிருக்கலாம்.

ஹட்டன் கணக்கு:
ஊர்ல மட்டும் என்னங்க வாழுது? இலங்கையில 2024 ஜனவரி 1லருந்து வற் 18 வீதம். ஆனா இங்க பஜார்ல சின்னக் கடைகள் பெரும்பாலும் சொந்தப் பேர்ல ஓடுறது. கடன் வந்தா நேரா ஆள் மேலயும் வீட்டு மேலயும்தான் வரும். தம்பி அம்மா வீட்டை நெனச்சுப் பயப்படுறது அதனாலதான். லிமிட்டட் கம்பனின்னா கதை வேற. தம்பி, பதில் சொல்லுங்க.

கொட்டகலை தம்பி:
மன்னிக்கணும், வேலைக்குப் போயிட்டேன். லிமிட்டட் கம்பனிதான். கடை நடத்துறது மச்சான். வந்ததும் என் பேரை டிரெக்டரா போட்டாங்க. முத்திரை இருக்கு, மனுதான். விசாரணைக்கு இன்னும் 3 கிழமை இருக்கு. மூணு காலாண்டு வற் ரிட்டர்ன் (வரிக் கணக்குப் படிவம்) போடலையாம். இன்னொண்ணு, ஊர் வீட்டுக்கு சிலாப் போட கடைக் காசுலருந்துதான் அனுப்புனாங்க.

ராகலை ராசா:
அப்ப இன்னைக்கே டிரெக்டர் பதவிய ராஜினாமா பண்ணுங்க தம்பி!

பண்டாரவளைக்காரன்:
ராஜினாமா செஞ்சா இதுவரைக்கும் நடந்தது அழிஞ்சுறாது. விலகினவங்களோட நடத்தையையும் விசாரிப்பாங்க. பேர் இல்லாம கடையை நடத்துன மச்சானையும் சட்டம் டிரெக்டராவே பாக்கும். குற்றம் தெரிஞ்சா 2லருந்து 15 வருஷம் வரைக்கும் டிரெக்டராக ஏலாது.

முதல் வேலை அந்த மூணு ரிட்டர்ன். போடாத காலாண்டுக்கு வரி ஒபிஸ் தானா மதிப்பீடு போட்டுத்தான் கேக்கும். 23,000ல அது எவ்வளவுன்னு மனுவுல விபரம் இருக்கும். உண்மையான ரிட்டர்ன் போனா மதிப்பீடு விலகி அசல் தொகை வரும். கூடவும் வரலாம், குறையவும் வரலாம். அரிசி பருப்பு அதிகமா விக்கிற கடைன்னா குறைய வாய்ப்பு இருக்கு, அந்த வகையில அக்கா சொன்ன கஜுவும் வீண் இல்ல. ரிட்டர்ன் போடாம தவணை கேட்டா காது கொடுக்க மாட்டாங்க. பொதுத் தொலைபேசிக்கு அடிக்காதீங்க, மனுவுல உள்ள வரி ஒபிஸ் லொயர்மார் பகுதியோட தொலைபேசி இலக்கத்துக்கு வழக்கு நம்பரோட அடிங்க.

ரெண்டாவது கெசட், அதாவது அரசாங்க அறிவித்தல் பத்திரிகை. மனு கைக்கு வந்து குறைஞ்சது 7 வேலை நாள் கழிச்சு, விசாரணைக்குக் குறைஞ்சது 7 வேலை நாள் முந்தி, லண்டன் கெசட்ல விளம்பரம் வரும். பேங்க் அதைப் பாத்த உடனே கணக்கை முடக்கிரும். சம்பளம், வாடகை ஒண்ணும் போகாது, கோர்ட்ல தனியா அனுமதி எடுக்கணும். அதனால பேச்சுவார்த்தைக்கு உள்ள நல்ல நேரம் விளம்பரத்துக்கு முந்தினதுதான்.

கட்ட முடிஞ்சா கம்பனிக் கணக்குலருந்து கட்டாதீங்க, 127ஆம் பிரிவு அதையும் பிடிக்கும். சொந்தக்காரங்க அவங்க சொந்தக் காசுல கட்டலாம். மனுச் செலவையும் சேத்து மொத்தம் எவ்வளவுன்னு கேளுங்க. ஆனா வரிய மட்டும் கட்டி முடிச்சா போதாது. மொத்த வியாபாரிகளுக்குப் பாக்கி இருந்து, அவங்க விசாரணைக்கு வர்றதா அறிவிச்சிருந்தா, அதே மனுவை அவங்க எடுத்து நடத்தக் கேக்கலாம். கடைசி நேரத்துல நிறையப் பேர் கவுந்து விழுறது இங்கதான்.

கடனை மறுக்கிறதா இருந்தா சாட்சிக் கூற்று விசாரணைக்கு 5 வேலை நாள் முந்தியே கோர்ட்ல இருக்கணும். கட்டவும் ஏலாது மறுக்கவும் ஏலாதுன்னா, உரிமம் உள்ள இன்சொல்வன்சி ஆளைப் பாருங்க, முதல் சந்திப்புக்கு பலர் காசு வாங்குறதில்ல. கடன்காரங்களோட பேசிக் கடனைத் தீர்க்குற சிவிஏ ஒப்பந்தத்துக்கு வாக்களிக்கிற கடன் தொகையில 75 வீதம் சம்மதிக்கணும். 2020 டிசம்பர் 1லருந்து வற், பேயீ (சம்பளத்துல பிடிக்கிற வரி) பாக்கிக்கு முன்னுரிமை இருக்கிறதால வரி ஒபிஸ் சம்மதிக்காம அது நடக்கிறது கஷ்டம்.

கலைப்பு உத்தரவு வந்துட்டா ஒஃபிஷியல் ரிசீவர்ங்கிற அரசாங்க அதிகாரி பொறுப்பெடுப்பாரு. கடையில வேலை செய்றவங்க வேலை அன்னைக்கே போயிரும், நிலுவைச் சம்பளத்தை அரசாங்க நிதியில கேக்கலாம். நீங்க கணக்குப் புத்தகம், டில் ரோல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் அவர்கிட்ட ஒப்படைச்சு, அவர் கூப்பிடுற விசாரணைக்குப் போகணும்.

ஹட்டன் கணக்கு:
வீட்டு விஷயம். கம்பனிக் கடனுக்காக அம்மா வீட்டை எடுக்க மாட்டாங்க. ஆனா சிலாப்புக்குப் போன காசு சம்பளமாவோ பங்காதாயமாவோ எழுதப்படலைன்னா, அது டிரெக்டர் கம்பனிக்குத் தரவேண்டிய கடன். லிக்விடேட்டர் கேக்குற முதல் கேள்வி அதுதான். அனுப்பின ரசீது, தேதி, யார் பேர்ல போச்சு, எல்லாம் எழுதி வைங்க. கடை வாடகைக்கோ சப்ளையருக்கோ நீங்க சொந்தமா பிணை கையெழுத்துப் போட்டிருக்கீங்களான்னும் பாருங்க, அது கம்பனியோட செத்துப் போகாது.

கொட்டகலை தம்பி:
பிணை போட்டது மச்சான்தானாம். கெசட்ல தேடிப் பாத்தேன், இன்னும் வரல. இன்னைக்குக் கடை பூட்டுனதும் டில் ரோல் எல்லாத்தையும் எடுத்துர்றேன்.

பண்டாரவளைக்காரன்:
சப்ளையர் பில்லையும் சேத்து எடுங்க, கட்டின வற் வரியைக் கழிக்க அதுதான் வேணும். வற் நம்பர் இல்லாத பில்லை தனியாக் கட்டி வைங்க, அதை வச்சுக் கழிக்க ஏலாது.