‘மை’ எங்கே, ‘மைன்’ எங்கே? பிள்ளைகளுக்குப் புரியவைக்க உதவி வேண்டும்

கேள்வி:
வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப எழுதும் வாக்கியங்கள் இவை. தப்பு என்று தெரிகிறது, காரணம் சொல்ல வரவில்லை.
“திஸ் பென் இஸ் மை.”
“ஹி இஸ் எ ஃப்ரெண்ட் ஆஃப் மை.”
“திஸ் பேக் இஸ் பிலாங்ஸ் டு ஹெர்.”
‘இட்ஸ்’ எழுதும்போது அபாஸ்ட்ரஃபி (’ என்ற மேற்குறி) எப்போது வரும் என்பதும் குழப்பம்.

பதில் 1:
தமிழிலிருந்தே தொடங்குங்க டீச்சர். “இது என் பேனா” என்போம், “இந்தப் பேனா என்” என்று நிறுத்த மாட்டோம், “என்னுடையது” என்போம். ‘என்’னுக்கு மை, ‘என்னுடையது’க்கு மைன். பிள்ளைகள் சறுக்குவது ‘என்னுடைய’வில்தான். அது மைன் மாதிரித் தோன்றும், ஆனால் “என்னுடைய பேனா” என்றால் மை பென். ‘உடைய’வுக்குப் பின்னால் ‘து’ இருக்கா என்று பார்க்கச் சொல்லுங்க. ‘து’ இருந்தால் மைன், யுவர்ஸ், ஹெர்ஸ், தெயர்ஸ். ஹிஸ் மட்டும் இரண்டு இடத்திலும் மாறாது. பன்மையில் ‘என்னுடையவை’ என்றாலும் மைன்தான்: “தீஸ் பென்ஸ் ஆர் மைன்.”

இரண்டாவதிலும் அதே சங்கதி. ஆஃப் மை என்றதும் ‘மை என்ன?’ என்ற கேள்வி நிற்கும். “எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்” என்றால் என் நண்பர்களில் ஒருவர். ‘எ மை ஃப்ரெண்ட்’ கூடாது, எ உட்காரும் இடத்தில்தான் மையும் உட்காரணும்.

மூன்றாவதில் பிலாங் தானே வினைச்சொல். தமிழில் “இது அவளுக்குச் சொந்தம்” என்று வினையே இல்லாமல் முடிவதால், பிள்ளைகள் இஸ்ஸைச் செருகிவிடுகிறார்கள். “திஸ் பேக் பிலாங்ஸ் டு ஹெர்” அல்லது “திஸ் பேக் இஸ் ஹெர்ஸ்”. இல்லை என்று சொல்லும்போது “டஸ் நாட் பிலாங்”, அங்கே எஸ் போய்விடும்.

பதில் 2:
இட்ஸ் பற்றி: அந்த இடத்தில் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படியுங்கள். பொருள் வந்தால் டி-க்கும் எஸ்-க்கும் நடுவே அபாஸ்ட்ரஃபி, வராவிட்டால் வேண்டாம். “த டாக் லாஸ்ட் இட்ஸ் காலர்” என்பதை விரித்தால் உளறலாகும், ஆகவே குறி இல்லை. ஹெர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ் எதற்கும் குறி கிடையாது.

பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். ‘அதன்’ என்ற பொருளில் வரும் இட்ஸ் ஆங்கிலத்துக்கே பிந்தி வந்த சொல். 1611-இல் அச்சான ஆங்கில பைபிளில் உப்பு இழப்பது ‘ஹிஸ் சேவர்’ (தன் சுவை), அதாவது அஃறிணைக்கும் ஹிஸ். இட்ஸ் பரவிய பிறகும் நெடுங்காலம் பலர் அபாஸ்ட்ரஃபி வைத்தேதான் எழுதினார்கள்.

கேட்டவர்:
‘து’ சோதனை உடனே பிடித்துக்கொண்டார்கள், நன்றி. “சொந்த வீடு இருக்கு” என்பதை “ஐ ஹேவ் ஓன் ஹவுஸ்” என்கிறார்களே?

பதில் 1:
ஓன் தனியாக நிற்காது, முன்னால் மை, ஹிஸ், ஹெர் மாதிரி ஒரு சொல் கேட்கும். “ஐ ஹேவ் மை ஓன் ஹவுஸ்” அல்லது “எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்”. இங்கே ஆஃப்-க்குப் பிறகு மைன் அல்ல, மை வரும், ஓன் அதைத் தாங்கிக்கொள்கிறது. நம்ம ‘தன்’னுக்கும் இது கைகொடுக்கும்: “ரவி தன் சைக்கிளில் போனான்” என்பதில் ‘ஹிஸ் சைக்கிள்’ என்றால் வேறொருவனுடையதாகவும் இருக்கலாம், ‘ஹிஸ் ஓன் சைக்கிள்’ என்றால் ரவியுடையதுதான்.