‘செ அப்ரா இதோ’: போவாரா, போயிருப்பாரா?

வலென்சியாவாசி:
நேற்று பார்சல்காரரைக் காணோமே என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். ஸ்பானியத்தில் ‘செ அப்ரா இதோ’ என்றார். ‘அப்ரா’ வருங்காலம் என்று படித்திருந்ததால், இனிமேல்தான் கிளம்புவார் போல என்று வாசலிலேயே அரை மணி நேரம் நின்றேன். ‘இதோ’ வேறு காதில் விழுந்ததா, தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்! மனிதர் எப்போதோ போய்விட்டாராம். முடிந்துபோனதற்கு எதற்கு வருங்காலம்?

வினையெச்சம்:
தமிழில் யோசித்திருந்தால் நின்றிருக்க மாட்டீர்கள். அந்த அம்மா சொன்னது ‘போயிருப்பார்’. அதில் வரும் ‘ப்ப்’ எதிர்கால இடைநிலைதானே? சொல்வதோ நடந்து முடிந்ததை. ‘கியேன் அப்ரா யமாதோ?’ என்றால் ‘யார் கூப்பிட்டிருப்பார்கள்?’ அச்சு அசல் நம்முடையது. ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் வரும் வினை இது. நமக்குத் தனி விதியே வேண்டாம்.

மத்ரித் மாமா:
வேண்டாமா? ‘நீ சொல்லியிருந்தால் போயிருப்பான்’ என்பதற்கு அப்ரா போட்டுப் பாருங்கள், தப்பு. அங்கே ‘அப்ரியா இதோ’. அவன் போகவில்லை என்று தெரிந்தே சொல்கிறோம், அது ஊகமே இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘போயிருப்பான்’.

வினையெச்சம்:
‘இருந்தால்’ வந்தால் அப்ரியா. ஒரு வரியில் முடிகிற சமாசாரம்.

மத்ரித் மாமா:
இன்னும் கேளுங்கள். இப்போது மணி என்ன என்றாலும் ‘மூன்று இருக்கும்’ என்போம். ‘நேற்று அவன் வந்தபோது மூன்று மணி இருக்கும்’ என்றும் சொல்வோம். ஸ்பானியத்தில் இப்போதைக்கு ‘செரான் லாஸ் த்ரெஸ்’, நேற்றைக்கு ‘செரியான் லாஸ் த்ரெஸ்’. தமிழை நம்பி இரண்டு வருடம் செரான் செரான் என்றே உளறிக்கொண்டிருந்தேன்.

வினையெச்சம்:
மணி விஷயத்தில் தோற்றேன், சரி. ஆனால் கேள்வி அப்ராவைப் பற்றி. இலக்கண அறிஞர் அந்த்ரேஸ் பெயோ 1847இல் வெளியிட்ட ஸ்பானிய இலக்கணத்தில் இந்த வடிவத்துக்கு ‘ஆந்தெஃபுதூரோ’, அதாவது முன்‑எதிர்காலம், என்று பெயர் வைத்தார். ‘எட்டு மணிக்குள் முடித்திருப்பான்’ என்பதற்கும் இதே வடிவம்தான். தமிழும் அப்படியே. இதில் என்னை அசைக்க முடியாது.

வலென்சியாவாசி:
அந்த அம்மா கண்ணால் பார்த்திருந்தால்?

மத்ரித் மாமா:
‘செ ஆ இதோ’, அதாவது ‘போய்விட்டார்’ என்றிருப்பார். அப்ரா என்றால் பார்க்கவில்லை, குத்துமதிப்பு.

வலென்சியாவாசி:
அடடா! அப்போது பார்சல் இன்னும் வண்டியில்தான் இருக்கும். ‘எஸ்தாரா’ சரிதானே?

மத்ரித் மாமா:
சரி. அதற்கு மட்டும் தமிழை நம்பலாம்.