கோணேசர் கோயில் வழியில் மோர்ப் பந்தல்: 500 பேருக்கு எவ்வளவு?

உப்புவெளியான்: திருவிழா நாளில் திருகோணமலையில, கோயிலுக்குப் போற வழியில இருக்கிற கோட்டை வாசலுக்கு வெளியே மோர் குடுக்க யோசிக்கிறம். அளவு சொல்லுங்கோ. ஐஸ் போடலாமா?

சமையற்கட்டு: ஆளுக்கு 200 மில்லி, 500 பேருக்கு 100 லீற்றர். எருமைத் தயிர் 20 லீற்றர், கொதிச்சு ஆறின தண்ணி 80 லீற்றர். பத்து லீற்றருக்கு 50 கிராம் உப்பு காணும். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலையை இடிச்சு வடிகட்டிச் சேருங்கோ. நறுக்கிப் போட்டால் அடியில தங்கி, கடைசியா வாறவைக்கு உறைப்பு மட்டும்தான் மிஞ்சும். தேசிக்காய் பரிமாறுறதுக்குச் சற்று முன்னம். முழுக்க ஒரேயடியாக் கரைக்காதேங்கோ, வெயிலில புளிச்சிடும். ஒரு தடவைக்கு 20 லீற்றர் மோராக் கரையுங்கோ, மிச்சத் தயிர் குளிர்ப்பெட்டியில இருக்கட்டும்.

கடற்கரைவீதி: மீனுக்குப் போடுற ஐஸ் குடிக்கிறதுக்கானது இல்லை. பாத்திரத்தைச் சுத்தி வெளியில அடுக்கினால் போதும், உள்ளுக்க ஒரு துண்டும் விழக்கூடாது.

சமையற்கட்டு: ஓம், அது முக்கியம். தயிர் ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்கும் கைக்குழந்தையோட வாறவைக்கும் வெறும் தண்ணி ஒரு பானை தனியா வையுங்கோ.

மான்கூட்டம்: தயவுசெய்து பிளாஸ்டிக் கப் வேண்டாம். கோட்டைக்குள்ள திரியுற மான்கள் அதையும் தின்னும், வயித்தில அடைச்சுச் செத்துப்போகும். சில்வர் தம்ளர் 100 எடுங்கோ. மூண்டு வாளி: சவர்க்காரத் தண்ணி, அலசுற தண்ணி, கடைசியாச் சுடுதண்ணி. கழுவ மட்டும் நாலு பேர் வேணும், ஊத்த ரெண்டு பேர் காணும். எல்லாரும் ஊத்தத்தான் ஆசைப்படுவினம், ஆனா பந்தலைத் தாங்குறது கழுவுற கைதான். அயல்வீட்டுப் பெடியளைக் கூப்பிடுங்கோ தம்பி, ஒரு பகல் சேர்ந்து தம்ளர் கழுவினால் வருசக்கணக்காப் பேசாத வீடுகளும் பேசத் தொடங்கும்.

உப்புவெளியான்: நன்றி அண்ணாமார். தம்ளர் தேடத் தொடங்கீட்டம்.